மொனிட்டரை எங்கே, எப்படி வைத்தீர்கள்? திருகோணமலைக்காரரின் அனுபவங்கள்

உப்புவெளி, வீட்டிலிருந்து தட்டச்சு வேலை

நான் வீட்டிலேயே இருந்து தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். கோயில் மலர், திருமண அழைப்பிதழ், இறந்தவரின் நினைவாக அச்சிடும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகம் என்று வருவதெல்லாம் செய்வேன். பல வருடம் சின்ன மடிக்கணினியில் குனிந்து வேலை செய்தேன். போன தைப்பொங்கலுக்கு முதல்தான் 24 அங்குல மொனிட்டர் ஒன்று வாங்கினேன். அதை ஒழுங்காக வைத்துப் பழக எனக்கு மூன்று மாதம் எடுத்தது. இங்கே யாராவது இப்போது வாங்க இருந்தால் அந்த மூன்று மாதம் அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இடம். கடற்காற்று வரட்டும் என்று கிழக்கு யன்னலுக்கு நேரே மேசையைப் போட்டேன். நம் பக்கம் சூரியன் கடலுக்குள் இருந்துதான் எழும்பும். காலை ஆறரைக்கெல்லாம் திரைக்குப் பின்னால் கடல் முழுக்க வெள்ளித் தகடு மாதிரி மினுங்கும். அந்த வெளிச்சத்துக்குக் கண் சுருங்கிப்போவதால் திரையில் இருப்பது மங்கலாகத் தெரியும். உடனே வெளிச்சத்தைக் கூட்டுவேன். இரவில் அதே வெளிச்சம் கண்ணைக் குத்தும். பிறகு மேசையை மறுபக்கம் திருப்பினேன். இப்போது யன்னல் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது, திரையில் யன்னலும் என் தலையும் தெரிந்தன. கடைசியில் யன்னல் இடக்கைப் பக்கம் வரும்படி வைத்தபோதுதான் சரியாக வந்தது. வெளிச்சம் திரைக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, பக்கவாட்டில் வருகிறது.

அடுத்தது உயரம். இதில்தான் நான் நன்றாகக் கஷ்டப்பட்டேன். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொதுவாகச் சரியான அளவுதான். அதற்காக ஏ4 தாள் கட்டு இரண்டை அடியில் வைத்து உயர்த்தினேன். இரண்டு கிழமைக்குள் கழுத்தின் பின்பக்கம் கல்லாகிவிட்டது. நல்லெண்ணெய் பூசினேன், ஒத்தடம் கொடுத்தேன், தலையணையைக் கூட மாற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் தங்கச்சி வந்திருந்தாள். நான் வேலையில் இருக்கும்போது பக்கவாட்டில் நின்று தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். “அக்கா, நீங்கள் மேலே எதைப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டாள். படத்தில் என் நாடி மேலே தூக்கி, தலை பின்னால் சரிந்திருந்தது. காரணம் என் கண்ணாடி. எனக்கு வெள்ளெழுத்து வந்து ஏழு வருடம். மேல்பாதி தூரத்துக்கும் கீழ்பாதி வாசிக்கவும் உள்ள இரட்டைக் கண்ணாடிதான் போடுகிறேன். எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் கீழ்பாதியால் பார்க்க வேண்டும், அதற்குத் தலையைப் பின்னால் சரிக்க வேண்டும். திரையை உயர்த்தினால் இன்னும் அதிகமாகச் சரிக்க வேண்டும். இது எனக்கே தெரியாமல் நாளுக்கு எட்டு மணித்தியாலம் நடந்திருக்கிறது.

அன்றே தாள் கட்டுகளை எடுத்தேன். மொனிட்டரை அதன் தாங்கியில் போகக்கூடிய அடிமட்டத்துக்கு இறக்கி, மேல்பக்கம் கொஞ்சம் பின்னால் சாயும்படி வைத்தேன். நோ பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு, கண் வைத்தியரிடம் போகுமுன் அளவு நாடா பிடித்து, என் கண்ணிலிருந்து திரை வரை எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டு போனேன். 65 சென்ரிமீற்றர். அந்தத் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி எழுதித் தந்தார். இப்போது கொம்பியூட்டருக்கு அதுதான். இரட்டைக் கண்ணாடி போடுகிறவர்கள் தயவுசெய்து யாரையாவது பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாங்கிய முதல் வாரம் எழுத்தெல்லாம் கலங்கலாக இருந்தது. என் கண்தான் மோசமாகிவிட்டது என்று பயந்தேன். ஒரு கல்வெட்டில் மறைந்தவரின் பெயரிலேயே மெய்யெழுத்தின் புள்ளி ஒன்று விடுபட்டது எனக்குத் தெரியவில்லை. அச்சுக்குப் போகும் முன் அவர்களின் மகன் கண்டுபிடித்தார். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறும். பிறகு பார்த்தால், 1920க்கு 1080 புள்ளி உள்ள திரையில் மடிக்கணினியின் பழைய அளவான 1366க்கு 768 ஓடிக்கொண்டிருந்தது. திரை தனக்கு இயல்பான அளவில் இல்லையென்றால் எழுத்தின் ஓரங்கள் கரைந்துவிடும், தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். அளவைத் திருத்தினேன். பிறகு எழுத்துச் சின்னதாகத் தெரிந்ததால், அந்த அளவைத் தொடாமல், எழுத்தைப் பெரிதாக்கும் வசதியில் 125 சதவீதம் வைத்தேன். ககரத்தின் தலைப் புள்ளி இப்போது பளிச்சென்று நிற்கிறது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

நிலாவெளி, விடுதி வரவேற்பு மேசை

எங்களுக்குக் கண்ணைவிட உப்புத்தான் பெரிய பிரச்சினை. வரவேற்பு மேசை கடற்கரையைப் பார்த்தபடி திறந்த மண்டபத்தில் இருக்கிறது. வாடைக்காற்று தொடங்கினால் மேசையைத் தடவிய கை பிசுபிசுக்கும்.

ஒருநாள் காலையில் மொனிட்டரைப் போட்டால் திரை முழுக்க மஞ்சள். காட்டிய இடத்தில் பனல் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். வாங்கவே தீர்மானித்துவிட்டோம். எங்களோடு வேலை செய்யும் பொடியன்தான் பின்னால் இருந்த நீல நிறப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள்ளே இருக்கும் முள்ளில் ஒன்று பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. அந்தப் பழைய விஜிஏ வயரில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் தனித்தனி முள்ளால் போகிறது. நீலம் வராவிட்டால் மிச்சம் இரண்டும் சேர்ந்து மஞ்சள். வயரை மாற்றினோம், திரை பழையபடி வந்தது.

அதிலிருந்து மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுகிறோம். இரவில் சூடு ஆறிய பிறகு துணி போட்டு மூடுவோம், காலையில் துணியை எடுத்த பிறகுதான் சுவிட்ச். முன்பு ஒருவர் துணியோடேயே ஓடவிட்டுப் போய்விட்டார், மேலே உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டு, கை வைக்க முடியாத சூடு.

துடைப்பது பற்றியும் சொல்கிறேன். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை நேராகத் திரையில் அடித்தார்கள். வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கி, மறுநாள் கோடு கோடாக வந்தது, அந்த மொனிட்டர் போயே போய்விட்டது. அந்தத் திரவங்கள் சிலவற்றில் இருக்கும் அமோனியா, திரையின் மேற்பூச்சையும் மங்கவைக்கும். நாங்கள் இப்போது கண்ணாடி துடைக்கும் மென்துணியில் கொஞ்சம் காய்ச்சி வடித்த தண்ணீர் தொட்டு, அணைத்த திரையில், அழுத்தாமல் துடைக்கிறோம். உப்புப் படிந்த திரையை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். அதனால் ஈரம் கட்டாயம்.

கிண்ணியா, உயர்தர மாணவன்

அக்கா, என் அனுபவம் கொஞ்சம் பயமானது. மொனிட்டருக்குப் பின்னால் வயர் மாட்டும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். செருப்புப் போட்டிருந்தால் இருக்காது, வெறுங்காலோடு நின்றால் இருக்கும். கொம்பியூட்டர் என்றால் அப்படித்தான் என்று நண்பர்கள் சொன்னதால் விட்டுவிட்டேன்.

ஒருநாள் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து, மொனிட்டருக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயரைத் தொட்டேன். இம்முறை எறும்பு இல்லை, கை உதறியது. வாப்பா உடனே மின்வேலை செய்யும் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் கொம்பியூட்டரைப் பார்க்கவே இல்லை, முதலில் சுவர்ப் பிளக்கைத்தான் பார்த்தார். எங்கள் வீட்டில் சதுர முள் 13 அம்பியர் பொயின்ற். நான் செருகியிருந்தது எர்த் முள் இல்லாத நீட்டு வயர். மேல் ஓட்டையில் பேனா மூடியை விட்டுக் கதவைத் திறந்து, இரண்டு முள்ளைச் செருகுவோமே, அப்படித்தான்.

அவர் விளங்கப்படுத்தியது இது: கொம்பியூட்டரின் மின்பெட்டிக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னப் பாகங்கள் இருக்கின்றன. அவற்றால் கசியும் கொஞ்ச மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல் தகரப் பெட்டியிலேயே நிற்கும், நம் 230 வோல்ட்டில் பாதியளவு வரை அங்கே காட்டும். வயர் வழியாக மொனிட்டரின் உலோகத்துக்கும் வந்துவிடும். சாதாரண நேரத்தில் மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால்தான் எறும்பு. ஆனால் உள்ளே ஏதாவது பழுதானால் முழு மின்சாரமும் அதே பெட்டிக்கு வரும், அப்போது அதைப் பாதுகாப்பாகக் கொண்டுபோக எதுவும் இருக்காது. இதைக் கேட்டதும் வாப்பா அந்த வயரை வெட்டி எறிந்தார். இப்போது மூன்று முள் வயர், மின்சாரம் கசிந்தால் தானாக அணைக்கும் ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானையும் மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறோம்.

திருகோணமலை நகரம், பழுது பார்ப்பவர்

தம்பி கிண்ணியா, உங்கள் வாப்பா செய்ததுதான் சரி. இந்த எறும்பு ஊர்வதை அலட்சியம் செய்யாதீர்கள் என்று நான் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது கண்ணாடிக் குழாய் மொனிட்டர்கள் இருந்த காலத்தில். 17 அங்குலப் பெட்டி ஒன்றே 15 கிலோ அளவில் இருக்கும். அந்தக் குழாய்க்குள் 25,000 வோல்ட் அளவில் ஓடும், அணைத்த பிறகும் அது தங்கி நிற்கும். வீட்டில் பழையது ஒன்று கிடந்தால் பிள்ளைகள் திருப்புளி எடுக்க விடாதீர்கள். இப்போதைய தட்டைத் திரை சாது என்று நினைக்கிறார்கள். அதன் மின்பலகையிலும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பழைய தட்டைத் திரைகளில் பின்வெளிச்சத்துக்கு உள்ள மெல்லிய குழாய்களில் பாதரசம் இருக்கிறது. அதனால் உடைந்ததைக் குப்பையோடு எரிக்காதீர்கள்.

என்னிடம் வருவதில் நிறைய, வைத்தவர் கையால் போனவை. முக்கியமாக அடப்டர். ஒரு மொனிட்டருக்கு 14 வோல்ட், இன்னொன்றுக்கு 19 வோல்ட், முனை ஒரே மாதிரி இருக்கும். தொலைந்துபோனது என்று மடிக்கணினியின் அடப்டரைக் கொண்டுவந்து செருகுவார்கள், அத்தோடு சரி. மொனிட்டரின் பின்பக்க ஒட்டியில் எழுதியிருக்கும் வோல்ட்டும், உள்ளே நேர், வெளியே எதிர் என்று காட்டும் சின்னமும் அடப்டரில் உள்ளதோடு அப்படியே பொருந்த வேண்டும். அம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது.

அடுத்தது தாங்கி பூட்டும்போது. திரையைச் சீமெந்து நிலத்தில் குப்புறப் போட்டு முழங்காலால் அமத்தித் திருகுவார்கள். கட்டிலில் மெத்தைத் துவாயை விரித்து அதில் கிடத்துங்கள், தூக்கும்போது திரையில் விரல் பதிக்காமல் ஓரத்தில் பிடியுங்கள். சுவரில் மாட்டுவதென்றால் பின்னால் நான்கு ஓட்டை இருக்கும், 75 அல்லது 100 மில்லிமீற்றர் இடைவெளியில். கையில் கிடைத்த நீட்டு ஆணியைத் திருகினால் அது உள்ளே பலகையைக் குத்தும். ஒருவர் அப்படிக் குத்தி, வாங்கிய அன்றைக்கே கொண்டுவந்தார். எனக்கே மனம் கேட்கவில்லை.

மூதூர்

ஐப்பசியில் பின்னேரம் மூன்று மணிக்கு இடி தொடங்கியது. நான் ஓடிப்போய் மொனிட்டர் பிளக், கொம்பியூட்டர் பிளக் இரண்டையும் கழற்றிவிட்டேன். ஆனாலும் இரண்டும் போய்விட்டன. மின்னல் வந்தது தொலைபேசிக் கம்பி வழியாக. ரவுட்டர், அதிலிருந்து கொம்பியூட்டருக்குப் போகும் வயர், அங்கிருந்து எச்டிஎம்ஐ, பிறகு மொனிட்டர். இப்போது வானம் கறுத்தாலே ரவுட்டர் வயரையும் சேர்த்துக் கழற்றுவேன். இடி தலைக்கு மேல் வந்த பிறகென்றால் எதையும் தொடமாட்டேன். பொருள் போனால் போகட்டும்.

திருகோணமலை நகரம், இரண்டு பிள்ளைகளின் அம்மா

2020இல் பள்ளிக்கூடம் மூடியபோது என் மகன் பெரியவர்களின் மேசையில்தான் வகுப்புக்கு இருந்தான். கால் நிலத்தில் படாமல் தொங்கும், முதுகு வளையும். கதிரையில் ஒரு தலையணை, காலடியில் பிஸ்கட் தகரம் ஒன்று. அவ்வளவுதான் செய்தேன், நிமிர்ந்து இருந்தான். கண் சிவந்து உரசிக்கொண்டும் இருந்தான். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடும், கண் காய்ந்துபோகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 செக்கன் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். எங்கள் ஒழுங்கைக்கு மான்கள் வரும். மான் வந்திருக்கிறதா பார் என்று அனுப்புவேன். இப்போது சொல்லாமலே எழும்பிப் போகிறான்.

உப்புவெளி, வீட்டிலிருந்து தட்டச்சு வேலை

எல்லோருக்கும் நன்றி. கிண்ணியாத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு, டோர்ச் எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். இடமும் உயரமும் பார்த்த நான் அங்கே பார்க்கவே இல்லை. என் மொனிட்டரும் கொம்பியூட்டரும் செருகியிருக்கும் நீட்டு வயருக்கு இரண்டு முள்தான். தங்கச்சி மடிக்கணினிக் காலத்தில் தந்தது, அப்படியே தொடர்ந்திருக்கிறது. விரலில் எறும்பு ஊர்வது எனக்கும் சில நாள் இருந்தது, கை விறைக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இப்போது எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டேன். மின்வேலைக்காரர் சனிக்கிழமை வருகிறார், சுவர்ப் பொயின்றில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்த வீட்டாருக்கு அழைத்து ஞாயிறு வரை நேரம் கேட்டேன், சரி என்றார்கள்.