செம்பூர் பில்டிங் அம்மாக்கள் குழு: டயப்பர்ல ஆரஞ்சு கறை

302: யாராவது முழிச்சிருக்கீங்களா? பாப்பாவுக்கு இன்னியோட 3 நாள். டயப்பர்ல ஆரஞ்சு கறை. ரத்தமா அக்கா?

நர்ஸ் அக்கா: செங்கல் பொடி மாதிரி மேலாப்புல ஒட்டியிருக்கா?

302: ஆமா, தேய்ச்சா தூளா உதிருது

நர்ஸ் அக்கா: யூரேட் உப்பும்மா. மூத்திரம் கெட்டியா போனா படியும். முதல் சில நாள் சகஜம், பால் ஊற ஊறப் போயிடும். 5ம் நாளும் தெரிஞ்சா பால் பத்தலையோன்னு டாக்டரைப் பாரு. நேத்துலேருந்து எத்தனை நனைச்சா?

302: 4 இருக்கும். சில டயப்பர்ல ஈரமே தெரியல

நர்ஸ் அக்கா: இப்போதைக்குப் போதும். 6ம் நாள்லேருந்து தினம் 6க்குக் குறையக் கூடாது. காஞ்ச டயப்பர்ல 3 டேபிள்ஸ்பூன் தண்ணி ஊத்தித் தூக்கிப் பாரு, கனம் பிடிபடும்.

101 மாமி: பொண் கொழந்தைக்கு மொத வாரம் வெள்ளையாவோ, ஒண்ணு ரெண்டு சொட்டு ரத்தமாவோ படலாம். அம்மாவோட ஹார்மோன் கொறையறதால. துடைக்கறச்சே முன்னாலேந்து பின்னால மட்டும்.

302: அத்தை பவுடர் போடணும்ங்கறாங்க

நர்ஸ் அக்கா: வேண்டவே வேண்டாம். தூசி மூச்சுல போகும். வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச பஞ்சால ஒத்தி எடு, 5 நிமிஷம் காத்தாட விடு. சிவந்தா ஜிங்க் ஆக்சைடு கிரீம் தடிமனா. மறுதடவை அழுக்கான மேல் பூச்சை மட்டும் எடு, சுரண்டாத. தோல் உரியும்.

101 மாமி: இந்த மழைல துணி லங்கோட் காயவே காயாது. அரை ஈரத்தோட கட்டாதே, இஸ்திரி போட்டுக் கட்டு. தொடை இடுக்குல சிவந்து சுத்திப் புள்ளி புள்ளியா வந்தா பூஞ்சை. அதுக்கு ஜிங்க் கேக்காது, டாக்டர் மருந்துதான்.

302: தொப்புள்கொடி மேல டயப்பர் உரசுது

நர்ஸ் அக்கா: முன்பக்கத்தை வெளியே மடிச்சு கொடிக்குக் கீழ ஒட்டு. இடுப்புல 2 விரல் நுழையணும். எண்ணெய், மஞ்சள் எதுவும் வைக்காத. 1, 2 வாரத்துல தானா விழும். சுத்திச் சிவந்தாலோ, சீழ், நாத்தம் வந்தாலோ அன்னிக்கே கூட்டிட்டுப் போ. காய்ச்சல் 100.4 தொட்டாலும் அப்படித்தான், ராத்திரின்னு பாக்காத.

302: சரிக்கா. இப்ப மாத்தினேன். நேத்துவரை தார் மாதிரி கறுப்பு, இப்ப பச்சையா இளகிப் போயிருக்கா. பேதியா?

நர்ஸ் அக்கா: இல்லம்மா, பால் உள்ள போகுது. ரெண்டு நாள்ல கடுகு மஞ்சளாகும், தண்ணியா, திரி திரியாத்தான் இருக்கும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்தா மட்டும் போட்டோ எடுத்துட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடு.