தொட்டி ஆமையைக் கடிச்சது எது? காயத்தை வைச்சுச் சொல்லேலுமோ?

கேள்வி: கனகபுரம் வளவு

கிளிநொச்சியில, வீட்டுக் கோடியில 8 அடிக்கு 5 அடி சீமெந்துத் தொட்டி, 2 அடி ஆழம். உள்ள ஒரு சிவப்புக்காது ஆமை. பெட்டை, ஓடு 20 சென்ரிமீற்றர், நிறை 1.3 கிலோ. காலமை பாக்க தொட்டிக்கு வெளியில வாழையடியில கிடந்தது. வலப்பக்கம் பின்விளிம்பில ஓடு மூண்டு இடத்தில வரிசையாச் சிலும்பி, உள்ள வெள்ளையாத் தெரியுது. அதுக்குக் கிட்ட மேலோட்டில ஒரு சின்னக் குழி. பிரட்டிப் பாத்தா அதுக்கு நேர கீழ அடியோட்டிலயும் ஒண்டு. அதோட அடியோடு கனக்க இடத்தில உரஞ்சிச் சிவந்திருக்கு, வலப் பின்காலில ரண்டு நகம் இல்லை, விரல் நுனித் தோலும் போயிட்டுது. ரத்தம் நிண்டிட்டுது. வீட்டில கபரகொய்யா (நீர் உடும்பு) எண்டினம், பக்கத்து வளவு அண்ணை கீரிதான் எண்டு அடிச்சுச் சொல்லுறார். முதல் நாள் பின்னேரம் மெசினால புல்லும் வெட்டினது. வேலி பனையோலை, அடியில ரண்டு பொட்டு இருக்கு. எது எண்டு தெரிஞ்சாத்தானே அதுக்கேத்த மாதிரி அடைக்கலாம்?

பதில்: குளக்கட்டு

மிருகத்தின்ர பேரைப் பிறகு பாப்பம். முதல்ல காயத்தைப் பிரிச்சுப் பாருங்கோ. நீங்கள் எழுதினதில ஒரு காயம் இல்லை, ரண்டு வகைக் காயம் இருக்கு.

மேலயும் கீழயும் நேருக்கு நேர் குழி எண்டா அது வாய்க்குள்ள அகப்பட்ட அடையாளம். மேல்தாடைப் பல் ஒரு பக்கம், கீழ்த்தாடைப் பல் மற்றப் பக்கம். விளிம்பு வரிசையாச் சிலும்பினது கடைவாய்ப் பல்லால நெரிச்சது. எலும்புத் துண்டைக் கடிக்கிற மாதிரி ஓட்டை வாயின்ர ஓரத்தில வைச்சு நெரிக்கிறது நாயின்ர வேலை, இல்லாட்டி நரி. கீரிக்கு அந்தத் தாடைப் பலம் இல்லை. 20 சென்ரிமீற்றர் ஓட்டை அது உடைக்காது, தலை, கழுத்து, கால் எண்டு மெத்தின இடத்தைத்தான் பிடிக்கும். ஆமை சின்னக் குஞ்செண்டா கபரகொய்யா முழுசா விழுங்கும், ஆமை பெரிசெண்டா காலைப் பிடிச்சு உதறிக் கிழிக்கும். அது கடிச்சா தசை கிழிஞ்சு தொங்கும், ஓடு இப்பிடி நெரியாது. அகளான் (பெருச்சாளி) கொறிச்சா உளி வைச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்தில ரண்டு ரண்டு கீறு விழும். காகம் கண்ணையும் காலையும் கொத்தும், ஓட்டில வேலை காட்டாது.

புல்லு வெட்டின மெசினையும் ஒருக்காப் பாத்துத்தான் விடவேணும். தகடு பட்டா வெட்டு நேர் கோடா, விளிம்பு மழமழப்பா, ரண்டு மூண்டு செதிலைக் குறுக்கறுத்துக்கொண்டு போகும். தங்கூசி நூல் பட்டா உரஞ்சின கோடுகள் ஒரே திசையில இருக்கும். மேலயும் கீழயும் ஒரே நேரத்தில குழி விழ வழியில்லை. உயரத்தில இருந்து விழுந்திருந்தா வெடிப்பு ஓடும், குழி இராது.

அடியோட்டு உரஞ்சலும் போன நகமும் கடி இல்லை. அது தொட்டியால வந்தது. சொரசொரப்பான சீமெந்துச் சுவரில திரும்பத் திரும்ப ஏறப் பாத்தா இப்பிடித்தான் தேயும். ஏன் ஏறப் பாத்தது எண்டதுதான் உண்மையான கேள்வி. முழு வளர்ந்த பெட்டை, தொட்டியை விட்டு வெளிக்கிட்டு வாழையடி ஈரமண்ணில கிடந்தது எண்டா, முட்டையிட இடம் தேடியிருக்கும். கடுவன் இல்லாட்டிலும் பெட்டை முட்டை வைக்கும், பொரியாது, அவ்வளவுதான். வாழையடியில பின்காலால தோண்டின குழி ஏதும் கிடக்கோ? தோண்டேக்க தண்ணி விட்டு மண்ணை இளக்கும், அதால குழி சேறா இருக்கும். இன்னொண்டு, குழியள் ரண்டு பக்கமும் சோடியா இருந்தா பக்கத்துக் குழிக்கும் இதுக்கும் உள்ள இடைவெளியை அளந்து போடுங்கோ.

பதில்: பண்ணை மருந்தகம்

துப்பறியிறது ஒரு பக்கம் நடக்கட்டும், ஆமையைக் காப்பாற்றுவது மற்றப் பக்கம். நாய் கடித்திருந்தால் வெளியில் சின்னக் குழியாகத் தெரிந்தாலும் பல்லோடு கிருமி ஆழத்துக்குப் போயிருக்கும். இன்றைக்கே செய்ய வேண்டியது இது.

ஆமையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, சுத்தமான துவாய் விரித்த பெட்டியில் நிழலில் வையுங்கள். 28 முதல் 30 பாகை சூடு போதும். வெயிலில் பேசினோடு வைத்தால் காயத்துக்கு முதல் வெக்கையே கொன்றுவிடும். கொதித்து ஆறிய 1 லீற்றர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தட்டையாக வழித்த ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி கழற்றிய சிரிஞ்சால் குழிகளையும் சிலும்பிய விளிம்பையும் கழுவுங்கள். ஆனால் ஓட்டில் துளை உள்ளே வரை போயிருந்தால் தண்ணீரைப் பீச்ச வேண்டாம், நனைத்த துணியால் ஒற்றினால் போதும். மேலோட்டுக்கு நேர் கீழேதான் நுரையீரல் இருக்கிறது. பிறகு 10 வீதப் பொவிடோன் அயடீனில் 5 மில்லி லீற்றரை 50 மில்லி லீற்றர் தண்ணீரில் கலந்து, வெளிறிய தேத்தண்ணி நிறத்தில், காலையும் மாலையும் பூசுங்கள். ஐதரசன் பெரொக்சைட், மஞ்சள், எண்ணெய், சுப்பர் குளூ எதுவும் வேண்டாம். பசை போட்டு மூடினால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

நாளுக்கு ஒரு முறை சுத்தமான, ஆழம் குறைந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் விடுங்கள். குடிப்பதும் தின்பதும் அப்போதுதான். இந்த ஆமை தரையில் பெரும்பாலும் தின்னாது. எடுத்ததும் துடைத்து மருந்து பூசி உலர விடுங்கள். ஓட்டில் துளை உள்ளே போயிருக்கும் என்ற ஐயம் இருந்தால் வைத்தியர் பார்க்கும் வரை இதுவும் வேண்டாம்.

இலையான் தான் பெரிய எதிரி. பெட்டிக்கு மேல் நுளம்பு வலை போட்டு வையுங்கள். புழு கண்டால் இடுக்கியால் எடுத்து உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். மாட்டுக்குப் போடும் புழுமருந்துத் தூள் போட வேண்டாம். ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு, ஊசியாகவும் கொடுக்கக் கூடாது. பண்ணைகளில் கைக்கு வரும் மருந்து அதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூச்சு விடும்போது குழியில் குமிழி வந்தாலோ, உள்ளே மெல்லிய சவ்வு அசைவது தெரிந்தாலோ, பின்கால் இழுபட்டாலோ நேரம் கடத்தாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மற்றபடியும் ஒரு தடவை காட்டத்தான் வேண்டும், அன்ரிபயோட்டிக் ஊசி தேவைப்படும். ஊசியை முன்காலில் போடச் சொல்லுங்கள், பின்பக்க இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போவதால் முன்பக்கம் போடுவதுதான் வழக்கம். எக்ஸ்ரே எடுத்தால் முறிவும் தெரியும், குளக்கட்டு சொன்ன முட்டையும் தெரியும். முட்டை உள்ளே தங்கினால் அது தனிப் பிரச்சினை. உங்கள் பக்கம் எக்ஸ்ரே இல்லை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது, தூரம்தான். மருந்தளவு நிறைப்படிதான், 1.3 கிலோ என்பதை மறக்காமல் சொல்லுங்கள். விசர் நோய் ஆமைக்கு வராது, ஆனால் கடித்த வாயின் எச்சில் காயத்தில் இருக்கலாம். ஆமையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் செய்யுங்கள்.

பதில்: கனகபுரம் வளவு

குமிழி இல்லை, கால் அசையுது. வாழையடியில ஒரு குழி அரைவாசி தோண்டினபடி கிடக்கு, ஈரமா இருக்கு. மேலோட்டில இன்னொரு மெல்லிய குழியும் இப்பத்தான் கண்டது. ரண்டுக்கும் இடைவெளி 4 சென்ரிமீற்றர். ஊரில அவிட்டு விட்ட நாய் கனக்க, நரியும் இரவில ஊளையிடும். எது எண்டு பிரிக்கலாமோ?

பதில்: குளக்கட்டு

4 சென்ரிமீற்றர் எண்டா நாய்ப் பக்கம் சாயுது. நரியின்ர வாய் இன்னும் ஒடுங்கல். ஆனா பல்லின்ர அளவை மட்டும் வைச்சுத் தீர்ப்புச் சொல்லேலாது, ரண்டு குழியும் ஒரே கடியில விழுந்ததோ எண்டும் தெரியாது. தடத்தைப் பிடியுங்கோ. ரண்டு பொட்டடியிலயும், தொட்டியைச் சுத்தி ஒண்டரை அடி அகலத்துக்கும் அரிச்ச மண்ணை அரை அங்குலம் போட்டு, தண்ணி தெளிச்சு, பலகையால இழுத்து மட்டமாக்குங்கோ. காய்ஞ்ச குருமணலில அச்சு நிக்காது. பொழுதுபடேக்க செய்து, வெய்யில் ஏற முதல் பாருங்கோ, நிழல் சரிஞ்சு விழேக்கதான் தடம் தெளிவாத் தெரியும்.

நாய்க்கு நாலு விரல், நகத்தோட, அகண்டு விரிஞ்ச அச்சு. நரிக்கும் நாலுதான், ஆனா அச்சு ஒடுங்கி நீண்டிருக்கும், நடு ரண்டு விரல் மெத்தையும் பின்பக்கம் ஒட்டினமாதிரி விழும். பூனைக்கு நகம் தெரியாது. கீரிக்கு அஞ்சு விரல், நீளமான நகம். கபரகொய்யா எண்டா நடுவில வால் இழுத்த கோடு, ரண்டு பக்கமும் நகக் கால். தரை உடும்பும் அப்பிடித்தான் இழுக்கும்.

பதில்: ஓலைவேலி

எதுவா இருந்தாலும் பொட்டை மட்டும் அடைச்சு வேலையில்லை. நாய் ஓலையைப் பிய்க்கும், கபரகொய்யா ஏறும். தொட்டியைச் சுத்தி அரை அங்குலக் கண் கல்வனைஸ் வலை, 4 அடி உயரம். அடியில 1 அடி மண்ணுக்குள்ள இறக்கி, கீழ்விளிம்பை வெளிப்பக்கமா L மாதிரி மடியுங்கோ, கிண்டிற மிருகம் அந்த மடிப்பில முட்டி நிக்கும். மேலயும் ஒண்டரை அங்குல இரும்புச் சட்டத்தில அதே வலை அடிச்சு மூடி. கோழிக்கூட்டு மெல்லிய கம்பி வலை காணாது, நாய் கடிச்சுப் பிய்க்கும். மூடியில அரைவாசிக்குக் கிடுகு போட்டா நிழலும் ஆச்சு.

வலைக்குள்ளயே முட்டையிட இடம் விடுங்கோ. 3 அடிக்கு 2 அடி, ஒரு அடி ஆழத்துக்கு ஈர மண்ணும் மணலும் கலந்து, தண்ணியில இருந்து ஏறிவரச் சாய்வான படி. இது இல்லாட்டி வலைக்குள்ளயும் சுவரைப் பிறாண்டிக் காலைத் தேய்க்கும்.

உட்சுவரை நீர்ச் சீமெந்தால மழமழப்பா இழுத்து விடுங்கோ. புதுச் சீமெந்தில காரம் இறங்கும், அந்தத் தண்ணி தோலையும் கண்ணையும் எரிக்கும். மூண்டு கிழமை தண்ணி நிரப்பி, ரண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கா இறைச்சு விட்டு, பீஎச் 8க்குக் கீழ வந்தாப்பிறகு ஆமையை விடுங்கோ. ஓடு ஆற மாசக்கணக்கு எடுக்கும் எண்டபடியால் அவசரப்படத் தேவையில்லை.

இனி வளக்கேலாது எண்டு நினைச்சாலும் இரணைமடுப் பக்கம் கொண்டுபோய் விட்டிடாதேங்கோ. இது எங்கட நாட்டு ஆமை இல்லை, உலகத்தில மோசமான 100 ஊடுருவி இனங்களின்ர பட்டியலில இருக்கு. குளத்தில பாலாமையின்ர சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் போட்டியா வரும். பாலாமை, கறுப்பாமை, நட்சத்திர ஆமை சட்டத்தால பாதுகாக்கப்பட்டது, அதுகளை வீட்டில வைச்சிருக்கேலாது. அப்பிடி ஏதும் காயத்தோட வளவுக்க வந்தா வனசீவராசிகள் திணைக்களத்துக்குத்தான் சொல்ல வேணும்.