காலைக் குளிரில் எஞ்சினில் கேட்கும் கடகடச் சத்தம்: டைமிங் செயின்தானா?

கேள்வி: நானுஓயா ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2007 ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட, 1300 சிசி, நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் கொண்ட ஜப்பானியக் கார். மீற்றர் 138,000 கிலோமீற்றர் காட்டுகிறது. வீடு நானுஓயாவிலும் பாடசாலை நுவரெலியாவிலும் இருப்பதால், கிழமை நாட்களில் கார் ஒரு தடவைக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவாகவே ஓடுகிறது.

கடந்த மார்கழியில், ஸ்டார்ட் செய்தவுடன் பான் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று செக்கன்களுக்கு ஒரு கடகடச் சத்தம் கேட்கத் தொடங்கியது. தளர்ந்துபோன சைக்கிள் செயின் அதன் மூடியில் அடிபடுவது போன்ற சத்தம். இப்போது அது இருபது செக்கன் வரை நீடிக்கிறது. பாடசாலை விட்டு மதியம் ஸ்டார்ட் செய்யும்போது மிகக் குறைவாகவே கேட்கிறது. சென்ற வாரம் றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கியபோது, வளைவுகளில் அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த போதெல்லாம் அதே சத்தம் மெலிதாக வந்தது. எஞ்சின் விளக்கும் ஒரு தடவை எரிந்து, சில நாட்களில் தானாகவே அணைந்துவிட்டது.

ஒரு கராஜில் பொனட்டைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, டைமிங் செயின் (வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூட எஞ்சினுக்குள் சுழலும் சங்கிலி) தேய்ந்து முடிந்துவிட்டது, பாவித்த எஞ்சின் ஒன்றை வாங்கிப் போடுவதே லாபம் என்றார்கள். இன்னொருவர் டெப்பட் (வால்வுகளைத் தள்ளும் பாகம்) சத்தம் என்றார். ஒயில் மாற்றி 14 மாதங்கள் ஆகின்றன, ஆனால் அதற்குப் பின் 6,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறது. பெருஞ்செலவில் இறங்குவதற்கு முன் இது செயின்தான் என்று எவ்வாறு உறுதி செய்வது?

மறுமொழி: ஹட்டன் மெக்கானிக்

ஆசிரியர் அவர்களே, நீங்கள் எழுதியவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது சத்தம் அல்ல, அந்த 14 மாதங்கள்தான். கிலோமீற்றர் குறைவு என்பதால் ஒயில் புதிதாகவே இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் குளிரில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் முழுமையாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குறுகிய ஓட்டத்தில்தான் ஒயில் விரைவாகக் கெடுகிறது. எரியாத பெற்றோலும் குளிரில் படியும் நீரும் ஒயிலில் கலந்து, சூட்டில் ஆவியாகி வெளியேற வாய்ப்பில்லாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் அதே தூரம் ஓடும் காரோடு உங்கள் காரை ஒப்பிட முடியாது.

செயினை இறுக்கிப் பிடித்திருக்கும் டென்ஷனர் பெரும்பாலான இத்தகைய எஞ்சின்களில் ஒயில் அழுத்தத்தால் இயங்குகிறது. இரவு முழுவதும் கார் நிற்கும்போது அதிலுள்ள ஒயில் கீழே வடிந்துவிட்டால், காலையில் அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து, வழிகாட்டிப் பட்டைகளில் அடிபடும். சத்தம் ஓரிரு செக்கன்களில் நின்றால் குறை ஒயிலிலோ ஃபில்டரிலோ மட்டும் இருக்கக்கூடும். சில மலிவான ஃபில்டர்களில் ஒயில் திரும்பி வடிவதைத் தடுக்கும் ரப்பர் வால்வு சரியாக வேலை செய்வதில்லை. இருபது செக்கன் நீடிப்பதும், சூடான எஞ்சினிலும் காலை எடுக்கும்போது கேட்பதும் தேய்மானத்தையே சுட்டுகின்றன. இருந்தாலும், செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவதே முறை.

முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். பின்னர் கையேட்டில் குறிப்பிட்ட தரத்தில் புதிய ஒயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு, ஒரு வாரம் காலைச் சத்தத்தின் நேரத்தைக் கைபேசியில் பதிவு செய்துவாருங்கள். அடுத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் சுழலக்கூடும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். சத்தம் மறைந்தால் குற்றவாளி ஆல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்பு அல்லது புல்லியின் பேரிங். புகைக்குழாயின் வெப்பத் தகட்டைக் கையால் தட்டிப் பார்ப்பதையும் மறக்க வேண்டாம். எஞ்சினையே இறக்கிய பிறகு, ஆணி கழன்ற தகடுதான் காரணம் என்று தெரியவந்த கதை எங்கள் கராஜிலேயே உண்டு.

விளக்கு அணைந்திருந்தாலும் குறியீடு நினைவகத்தில் இருக்கலாம், ஆகவே ஸ்கேனரைப் பொருத்திப் பாருங்கள். பி 0016 வந்தால், செயின் இணைக்கும் இரண்டு தண்டுகளான, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய நிலையில் இல்லை என்று பொருள். ஆனால் அதுவும் தீர்ப்பு அல்ல. வால்வு நேரத்தை மாற்றும் ஒயில் கட்டுப்பாட்டு வால்வு அழுக்கால் சிக்கியிருந்தாலோ, உணரி பழுதாக இருந்தாலோ அதே குறியீடு வரலாம்.

மறுமொழி: பண்டாரவளை வேன்

எனது வேனிலும் இதே போன்ற சத்தம் இருந்தது. 20 டபிள்யூ 50 என்ற தடித்த ஒயில் ஊற்றிய பிறகு மிகவும் குறைந்துவிட்டது. இவ்வளவு சிரமப்படாமல் அதை முயன்று பார்க்கலாம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பிட்டர், தலவாக்கலை

தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர்களின் பேரிங் சத்தத்தைக் கேட்டே என் உத்தியோக காலம் கழிந்தது. ஆகவே ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பண்டாரவளைத் தம்பி சொல்லும் தடித்த ஒயில் சூடான எஞ்சினில் சத்தத்தை அமுக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆசிரியர் தம்பியின் பிரச்சினை குளிரில் தொடங்குகிறது. முதல் எண் குளிரில் ஒயில் ஓடும் தன்மையைக் குறிப்பது. 5 டபிள்யூ 30 கேட்கும் எஞ்சினில் 20 டபிள்யூ 50 ஊற்றினால், விடியற்காலையில் அது டென்ஷனரைச் சென்றடைய இன்னும் தாமதமாகும். அத்தனை நேரமும் செயின் தளர்ந்தபடியே ஓடும். சத்தம் குறைந்ததும் நோய் குணமாகிவிட்டது என்று எண்ணி, செயின் பற்சக்கரத்தில் பல் தாண்டி நழுவும்வரை ஓட்டிவிடுவோம் என்பதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

நீண்ட திருப்புளியின் முனையைச் செயின் மூடியின் மேல், நடு, கீழ் என்று மாறி மாறி வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேளுங்கள். சுழலும் பெல்ட்டிலிருந்து சட்டை நுனியையும் கையையும் விலக்கி வையுங்கள். சத்தம் செயின் மூடியில் பலமாகவும் வால்வு மூடியில் மெலிதாகவும் கேட்டால் அது டெப்பட் அல்ல. டெப்பட் சத்தம் சீரான "டிக் டிக்" என்று, எஞ்சினின் வேகத்தில் பாதி வேகத்தில் தட்டும். செயின் சத்தத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஏற்றத்தில் அக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் கேட்டால் அது வேறு நோய். பெற்றோலின் ஒக்டேனையும் தீப்பொறி நேரத்தையும் பார்க்க வேண்டும்.

செயின் "நீண்டுவிட்டது" என்று சொன்னாலும் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளின் ஊசிகள்தான் தேய்கின்றன. 150 கண்ணிகள் உள்ள செயினில் கண்ணிக்கு நூறில் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால்கூட மொத்தம் ஒன்றரை மில்லிமீற்றர் ஆகிவிடும். அழுக்கு ஒயில் அந்த ஊசிகளுக்கு அரைப்பொடி.

கேள்வி கேட்டவர்: நானுஓயா ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. பிட்டர் ஐயாவின் திருப்புளி முறையில் சத்தம் மூடியின் நடுப்பகுதியில் தெளிவாகக் கேட்டது. பான் பெல்ட்டைக் கழற்றிய பின்னும் மாற்றமில்லை. 5 டபிள்யூ 30 ஒயிலும் புதிய ஃபில்டரும் போட்டபின் இருபது செக்கன் பன்னிரண்டாகக் குறைந்தது, ஆனால் அதற்குமேல் இறங்கவில்லை. வடித்த ஒயில் கறுத்துப்போய், பெற்றோல் மணத்துடன் இருந்தது. ஸ்கேனரில் பி 0016 பதிவாகியிருந்தது. கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து குறியீட்டை அழித்த பின்னும் நான்காம் நாள் மீண்டும் வந்தது.

மறுமொழி: ஹட்டன் மெக்கானிக்

அப்படியானால் வால்வு மூடியைத் திறக்கும் கட்டம் வந்துவிட்டது. கிராங்க் புல்லியின் குறியைப் பூச்சியத்தில் நிறுத்தி, கேம் பற்சக்கரங்களின் குறிகள் கையேட்டில் உள்ளபடி பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிய பிறகே முடிவுக்கு வர வேண்டும், ஏனெனில் கிராங்க் இரண்டு தடவை சுற்றினால்தான் கேம் ஒரு தடவை சுற்றும். எக்காரணம் கொண்டும் எதிர்த்திசையில் சுற்ற வேண்டாம். டென்ஷனர் பக்கம் தளர்ந்து, தேய்ந்த செயின் அங்கேயே பல் தாண்டிவிடலாம். டென்ஷனரின் தண்டு எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அது ஏறக்குறைய எல்லையைத் தொட்டிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

அதுவரை காரை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும் வகை எஞ்சின்கள் பல உண்டு. அப்போதுதான் பாவித்த எஞ்சின் பற்றிய பேச்சு நியாயமாகும். பாவித்த எஞ்சினுக்குள் இருக்கும் செயினும் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பது விற்பவருக்கே தெரியாத விடயம் என்பதையும் அந்தக் கராஜ்காரர்களுக்கு நினைவூட்டலாம்.

மாற்றுவதானால் செயினை மட்டும் மாற்ற வேண்டாம். டென்ஷனர், வழிகாட்டிப் பட்டைகள், பற்சக்கரங்கள், கிராங்கின் முன் சீல் ஆகியவற்றை ஒன்றாக மாற்றுங்கள். கொழும்புக்குப் போகும் எவராவது இருந்தால் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் முழுத் தொகுதியாக விசாரிக்கலாம். சேசி இலக்கத்தைக் கொடுத்தே வாங்குங்கள். எஞ்சினை வெளியே எடுக்காமல், கீழே தாங்கு கொடுத்து ஒரு பக்க மவுண்டை மட்டும் கழற்றி இந்த வேலையைச் செய்ய முடிகிற கார்கள் அநேகம். எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் தட்டான சம்பைக் கட்டாயம் இறக்கச் சொல்லுங்கள்.

பொருத்திய பின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளை மீண்டும் பார்க்க வேண்டும். செயினைப் பொருத்தும்போது குறிகளுக்கு நேரே வைக்கும் நிறம் பூசிய கண்ணிகள் அப்போது குறிகளுக்கு நேரே வராது. அதைக் கண்டு பதறிச் செயினைத் திரும்பக் கழற்றிவிட வேண்டாம், பற்சக்கரக் குறிகள் சரியாக இருந்தால் போதும்.

கேள்வி கேட்டவர்: நானுஓயா ஆசிரியர்

நேற்று வேலை முடிந்தது. கேம் குறி ஏறக்குறைய அரைப் பல் பின்தங்கியிருந்தது, டென்ஷனரின் தண்டும் எல்லைக்கு அருகில் நின்றது. சம்பை இறக்கியபோது வழிகாட்டிப் பட்டையிலிருந்து உடைந்த கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் ஐந்து கிடைத்தன, அவற்றில் இரண்டு ஒயில் உறிஞ்சும் வலையிலேயே ஒட்டியிருந்தன. சம்பை இறக்காமல் விட்டிருந்தால் புதிய டென்ஷனருக்கும் ஒயில் சரியாகப் போயிருக்காது என்று மெக்கானிக் சொன்னார். இன்று காலை 5.45க்கு ஸ்டார்ட் செய்தேன். கண்ணாடியில் பனி படிந்திருந்தது, சத்தம் ஒரு செக்கன்கூட இல்லை. அடுத்த ஒயில் மாற்றத்துக்குக் கிலோமீற்றரை அல்ல, ஆறு மாதம் தள்ளி ஒரு திகதியைக் குறித்து ஒட்டியிருக்கிறேன்.