நீலகிரி வல்லாரை மாதிரிகள்: உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காக மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை வல்லாரை சேகரித்து வருகிறேன். கீழே சுமார் 325 மீட்டர், மேலே 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறரை டிகிரி வரை குறையும், புற ஊதாக் கதிர் கூடும். இது இலையிலுள்ள ஏசியாட்டிகோசைடு என்ற மருந்துச் சத்தின் அளவை மாற்றுகிறதா, அல்லது மேட்டுச் செடிகள் மரபணுவிலேயே வேறா என்பதுதான் என் கேள்வி.

சிக்கல் இதுதான். வல்லாரை ஓடுதண்டு விட்டுப் படரும். ஒரு வரப்பில் பத்து இடத்தில் பறித்தாலும் பத்தும் ஒரே தாய்ச்செடியாக இருக்கலாம். அப்படியானால் மரபணு வேறுபாடு குறைவு என்று தப்பான முடிவுக்கு வந்துவிடுவேன். மாதிரிக்கு மாதிரி எத்தனை மீட்டர் இடைவெளி விட்டீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதுதான் ரொம்ப முக்கியம். மண்ணும் தட்பவெப்பமும் செய்யும் மாற்றத்தைப் பிரித்தறிய, எல்லா உயரத்துச் செடிகளையும் ஒரே இடத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தண்ணீர் வசதியோடு அரை சென்ட் இடம் ஓராண்டுக்குத் தர முடிந்தவர்கள் இருக்கிறீர்களா? பராமரிப்பு முழுக்க என் பொறுப்பு.

பர்லியாறு பகுதியில் சொந்தத் தோட்டத்தில் வல்லாரை இருந்தால் இலை, தண்டு, கணு தெரியும்படி படம் போடுங்கள். அதே சாயலில் ஹைட்ரோகோட்டைல் செடியும் மலையில் உண்டு, ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். காட்டுக்குள் போய் யாரும் பறிக்க வேண்டாம், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். மழைக்கு முன் சேகரிப்பை முடிக்க நினைக்கிறேன்.