கடலுக்கு மேல் எங்கே இருக்கிறோம்? கடிகாரத்தை வைத்து இடம் கணித்த அனுபவங்கள்

ஜன்னலோரப் பயணி:
சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் பகல் விமானங்களில் இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கிவிடுவேன். கைக்கடிகாரமும் அட்லஸைப் பார்த்து வரைந்த ஒரு தாளும் போதும். வங்கக் கடலைத் தாண்டினால் முதலில் தட்டுப்படும் நிலம் பெரிய நிக்கோபாரின் தென்முனை. நேர்கோட்டில் ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் 116 நிமிடம். மேலேறும்போது வேகம் குறைவு என்பதால் சில நிமிடங்களைக் கூட்டிக்கொள்வேன்.

போன ஜூலையில் குறித்த நேரம் வந்தது, தீவு வரவில்லை. எட்டு நிமிடம் கழித்துத்தான் மேக இடைவெளியில் அடர்ந்த காடும் அதன் ஓரமாக வெள்ளை அலைக்கோடும் தெரிந்தன. எட்டு நிமிடம் என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல்! எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் இருந்திருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஜெட் காற்று, அதாவது ஒடுங்கிய பட்டையாகப் பாயும் அதிவேகக் காற்று, வீசுகிறது. வானிலை அறிஞர் கோடேஸ்வரம் 1958இல் விவரித்தது இதைத்தான். கீழே தென்மேற்குப் பருவக்காற்று, மேலே அதற்கு நேர் எதிர். கருவி எதுவுமின்றி, தாமதத்தை வைத்தே அதை அளந்துவிட்ட மிதப்பு இறங்கும்வரை எனக்குக் குறையவில்லை.

பயிற்சி விமானி:
உங்களுக்கு எட்டு நிமிடத்தோடு போயிற்று. 100 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் சிறிய செஸ்னா விமானத்தை 15 நாட் குறுக்குக் காற்று ஒரு மணி நேரத்தில் 28 கிலோமீட்டர் ஒதுக்கிவிடும். ‘அறுபதுக்கு ஒன்று’ விதிதான் எங்களுக்குத் துணை: 60 கடல் மைல் பறந்து, வரைபடத்தில் போட்ட பாதைக்கோட்டிலிருந்து ஒரு மைல் விலகியிருந்தால் பிழை ஒரு டிகிரி. 30 மைலில் மூன்று மைல் விலகினால் ஆறு டிகிரி. ஊருக்கு இன்னும் 30 மைல் மிச்சம் என்றால், விலகலை நிறுத்த ஆறு, ஊரை நோக்கித் திரும்ப ஆறு என்று பன்னிரண்டு டிகிரி திருப்ப வேண்டும். ஆறு மட்டும் திருப்பினால் கோட்டுக்கு இணையாகப் பறந்துகொண்டிருக்கலாம், ஊர் வராது.

விலகலை எதை வைத்து உறுதிசெய்வது என்பதுதான் சிக்கல். வரைபடத்தில் நீலமாக இருக்கும் ஏரிகளை நம்பாதீர்கள், மே மாதத்தில் அங்கே ஆடு மேயும். தண்டவாளம் ஏமாற்றாது. விழுப்புரம் சந்திப்பில் அது ஐந்து திசைகளில் பிரிவதை வேறு ஊரோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. அதற்கு மேலே வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கணக்கை அங்கிருந்து புதிதாகத் தொடங்குவேன்.

ஜன்னலோரப் பயணி:
திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுமே, அதையும் அளக்க ஆசை. ஆனால் எனக்குக் கிடைப்பதெல்லாம் இரவு விமானம், தீவு இருட்டில் போய்விடுகிறது. இரவில் எதைக் குறியாக வைத்துக்கொள்வீர்கள்?

பயிற்சி விமானி:
சென்னைக் கரையின் விளக்குவரிசை. அதைக் கடக்கும் நிமிடத்தைக் குறியுங்கள், முழுப் பாதைக்குமான சராசரிக் காற்று கிடைத்துவிடும். தரையிறங்கும் வரிசைக்காக விமானம் வட்டமடித்தால் மட்டும் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள்.