பார்ட்னரா சேர்றதுக்கு முன்னாடி ஆளை எதை வச்சுப் பார்த்தீங்க? வடசென்னை ஆளுங்க சொல்லுங்க

லோகோ பையன், பெரம்பூர்:
கூட வேலை பார்த்த ஒருத்தர், என்னை விட மூத்தவர், தனியா ஒரு சிஎன்சி ஷாப், அதான் கம்ப்யூட்டர் மெஷின்ல இரும்பு பார்ட்ஸ் கடையற பட்டறை, போடலாம் வான்னு கூப்பிடுறார். மெஷின் லோன் ரெண்டு பேர் பேர்லயும். கெட்டிக்காரர், அதுல சந்தேகமே இல்லை. ஆனா கூட வேலை பார்க்கிறது வேற, கூட முதல் போடுறது வேறன்னு எங்கப்பா தினமும் ஓதிட்டு இருக்கார். "நம்பிக்கைதான் முக்கியம் ப்ரோ" மாதிரி அட்வைஸ் வேணாம். நீங்க ஒரு ஆளைப் பார்த்துப் பேசினீங்க, சேர்ந்தீங்க இல்லை விலகினீங்க. எந்த இடத்துல முடிவு பண்ணீங்க? அதை மட்டும் சொல்லுங்க.

வஞ்சிரம், தண்டையார்பேட்டை:
நான் காசிமேட்டுல ஏலத்துல மீன் எடுத்து, வெட்டி, வீடு வீடா அனுப்புறேன். முதல்ல எங்க தெரு, அப்புறம் வாட்ஸ்ஆப் குரூப், இப்ப மாதவரம் வரைக்கும் போகுது. ஆப் போட்டுப் பெருசாக்கலாம்னு ஒருத்தர் வந்தார். ஐடி வேலை, தன்மையான பேச்சு. பாதிப் பணம், பாதிப் பங்கு.

நான் கேட்ட முதல் கேள்வி, "தடைக்காலத்துல என்ன சார் பண்றது?" ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், லாஞ்ச், அதான் பெரிய விசைப்படகு, எதுவும் கடலுக்குப் போகாது. ஃபைபர் போட்டுக்காரங்க கொண்டு வர்றதுதான், விலையும் கையைக் கடிக்கும். அவர் அசராம "ஆந்திராவுல இருந்து இறக்கிடலாம்"னார். ஆந்திராவுக்கும் அதே தேதிதான், கிழக்குக் கரை முழுக்க ஒண்ணு. அந்த நேரத்துல மீன் பெரும்பாலும் வர்றது கேரளா, மங்களூர் பக்கத்துல இருந்து. அங்க தடை ஜூன்லதான் ஆரம்பிக்கும். இது அவருக்குத் தெரியாதது குத்தமே இல்லை. தெரியலைன்னு ஆனதும் என்ன பண்றார்னுதான் பார்த்தேன். மறுநாளே போன். "விசாரிச்சேம்மா, நீங்க சொன்னதுதான் சரி. மங்களூர்ல இருந்து ஐஸ் போட்டு வந்தா கிலோவுக்கு என்ன ஏறும்னு பார்ப்போமா?" எனக்குப் புடிச்சுப் போச்சு.

சரி, கையெழுத்துக்கு முன்னாடி கொஞ்ச நாள் சேர்ந்து ஓட்டிப் பார்ப்போம்னேன். ஞாயித்துக்கிழமை விடியக்காலை ஏலத்துக்கே வந்துட்டார். நிக்க இடமில்லாத கூட்டம், கால்ல ஐஸ் தண்ணியும் செதிலும். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. என் கையில பணம் குறைஞ்சா அவரே எடுத்து நீட்டுவார். வெட்டுற அக்காவுக்குக் கூலி, ஐஸ், ஆட்டோ, டீ எல்லாம் அவர் பர்ஸ்தான். எவ்ளோ ஆச்சுன்னு நான் நோட்டை எடுத்தா, "விடுங்கம்மா, நமக்குள்ள என்ன கணக்கு."

எனக்கு அங்கதான் உதைச்சுது. கஞ்சனா இருந்தா எங்க நிக்கிறான்னாவது தெரியும். இவர் போட்டது எவ்ளோன்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனா மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடாம இருக்குமா? ஓடிச்சு. ஒரு வாரம் சங்கரா மீன் விக்காம மீந்து போய் நஷ்டம். அன்னைக்கு வெளிய வந்தது: "நான் இதுல எவ்ளோ போட்டிருக்கேன் தெரியுமா உங்களுக்கு?" தெரியாதே சார், எழுத விட்டாதானே!

சண்டை இல்லாம முடிச்சுக்கிட்டோம். இப்பவும் மீன் என்கிட்டதான் வாங்குறார். பணம் ஜிபேல பைசா சுத்தமா வந்துடும்.

எம்.சி.ரோடு நைட்டி, பழைய வண்ணாரப்பேட்டை:
எங்களுது ரெடிமேட் ஹோல்சேல். எனக்கு வந்த ஆள் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா எப்ப பேச வந்தாலும் கூடவே அவர் மச்சான் வருவார். நான் எதைக் கேட்டாலும் இவர் மச்சான் மூஞ்சியைப் பார்ப்பார், மச்சான் சீலிங் ஃபேனைப் பார்ப்பார். மூணாவது ஆளுக்கு டீ சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நேராவே கேட்டேன், "பணம் யாருதுப்பா?" சுத்தி வளைச்சு, மச்சான் பணம்னு வந்துச்சு. அப்ப அவரையே பங்குதாரராப் போட்டுக்கலாமேன்னேன். அவர் பேர் எதுலயும் வரக்கூடாதாம். அன்னையோட பேச்சு முடிஞ்சுது.

தம்பி, நீ பார்ட்னர்ஷிப்தான் போடப்போறேன்னா 1932ஆம் வருஷத்து சட்டத்தை ஒரு தரம் படிச்சுடு. பத்திரத்துல வேற மாதிரி எழுதலைன்னா லாபம், நஷ்டம் ரெண்டும் சமபங்கு. உழைக்கிறவனுக்குத் தனியா சம்பளமும் கிடையாது. நீ ஷட்டர் தூக்கினதுல இருந்து ராத்திரி வரைக்கும் நின்னாலும், அவர் ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்கா எட்டிப் பார்த்தாலும் பங்கு ஒண்ணுதான். ஃபர்ம் கடனுக்கு சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாவும் பொறுப்பு. அவர் கைவிரிச்சா பேங்க்காரன் முழுசையும் உன்கிட்ட வந்து கேட்பான். பதிவு பண்ணாத ஃபர்மா இருந்தா, பாக்கி வச்ச கஸ்டமர் மேல கேஸ் போடவே 69ஆம் பிரிவு குறுக்கே நிக்கும். எங்க ரோட்டுல கடனுக்கு சரக்கு கொடுக்காம யாவாரம் ஏது? இதையெல்லாம் அவர் எதிர்லயே ஒவ்வொரு வரியா படி. எந்த வரியில நெளியறார்னு பாரு.

ட்ரெய்லர், திருவொற்றியூர்:
நம்முளுது சேர்ந்த கதை, சுருக்கமா. கன்டெய்னர் வண்டி, ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கிறதாப் பேச்சு. தயங்கித் தயங்கி, சிபில் ரிப்போர்ட், அதான் வாங்கின கடனை ஒழுங்கா கட்டினோமான்னு காட்டுறது, பார்க்கலாமா அண்ணேன்னு கேட்டேன். போனை எடுத்து அங்கேயே காட்டிட்டு "இப்ப உன்னுதைக் காட்டு"ன்னார். வருஷத்துக்கு ஒண்ணு இலவசமாவே எடுக்கலாம். அதுல பைக் லோன் ட்யூ தவறி இருந்துச்சு. நான் கேட்கறதுக்கு முன்னாடி, "அம்மா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில படுத்திருந்த நேரம், கட்ட முடியலை"ன்னு அவரே விரலை வச்சுக் காட்டினார். ஸ்கோர் சுமார்தான், ஆளைப் புடிச்சுப் போச்சு. எண்ணூர் ஹைரோட்டுல ராத்திரி வண்டி நின்னா யார் போறதுன்னு இன்னைக்கும் சண்டை வரும். பணத்துக்கு வந்ததில்லை.

லேத், வியாசர்பாடி:
எல்லாரும் போலீஸ் விசாரணை மாதிரி கேட்கச் சொல்றீங்களே. நானும்தான் கேட்டேன். லோன் எவ்ளோ, வீட்டு வாடகை எவ்ளோன்னு. "என் மேல நம்பிக்கை இல்லைன்னா எதுக்குக் கூப்பிட்டே"ன்னு எழுந்து போயிட்டார். அருமையான டர்னர்.

வஞ்சிரம், தண்டையார்பேட்டை:
உங்க கணக்கை முதல்ல காட்டினீங்களா அண்ணே? நான் அந்த சார்கிட்ட கேட்கறதுக்கு முன்னாடி என் நகைக்கடன் ரசீதை எடுத்து வச்சேன்.

லேத், வியாசர்பாடி:
நான் எதுக்கும்மா காட்டணும், இடம் என்னுதாச்சே.

லோகோ பையன், பெரம்பூர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஞாயித்துக்கிழமை அவர் வீட்ல உட்கார்றோம். சம்பளம் எடுக்காம எத்தனை மாசம் அவர் வீடு ஓடும், இந்த லோன் அண்ணிக்குத் தெரியுமா, ஒருத்தர் விலகினா மெஷின் யாருக்கு, இதையெல்லாம் கேட்கலாம்னு இருக்கேன். எனக்கானதை முதல்ல நானே சொல்லிடுவேன். கடைசிக் கேள்விதான் இடிக்குது. ஆரம்பிக்கும்போதே அபசகுனமான்னு அண்ணி முகம் மாறும்.

எம்.சி.ரோடு நைட்டி, பழைய வண்ணாரப்பேட்டை:
மாறட்டும், அதைக் கேட்காம வராதே. அன்னைக்கு மெஷினுக்கு விலை யார் போடறதுன்னும் பேசி எழுதிடுங்க. பத்திரத்துல காலம் எதுவும் எழுதலைன்னா, ஒருத்தர் எழுத்துல நோட்டீஸ் கொடுத்தாலே ஃபர்ம் கலைஞ்சிடும். லோன் அப்படியே ரெண்டு பேர் தலையிலயும் நிக்கும். ஆடிக்கு முன்னாடி பேசி முடிச்சுடு தம்பி, ஆடி பொறந்துட்டா உங்க வீட்ல எதுலயும் கையெழுத்துப் போட விடமாட்டாங்க.