ஜெர்மன்காரங்க சர்நேம் முன்னோர் தொழிலைச் சொல்லுதா, சொல்லலையா?

கோட்டூர்_இளங்கோ:
எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மன் கிளாஸ்ல போன வாரம் டீச்சர் ஜெர்மனியில ரொம்ப அதிகமா இருக்கற பத்து சர்நேமை போர்டுல எழுதிப் போட்டாங்க. முல்லர், ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர், மேயர், வாக்னர், ஷூல்ட்ஸ், பெக்கர், ஹாஃப்மன். பத்துல ஒண்ணு கூட ஊர் பேரோ அப்பா பேரோ இல்ல, எல்லாமே தொழில் இல்லன்னா பதவி! மாவு அரைக்கறவர், கொல்லர், தையல்காரர், மீன் பிடிக்கறவர், நெசவாளி, பண்ணைக் காரியஸ்தர், வண்டி ஆசாரி, ஊர் மணியக்காரர், ரொட்டி சுடறவர், கடைசியா பெரிய பண்ணையைச் சேர்ந்த ஆளு. ஷூல்ட்ஸ்ங்கறது பழைய ஷூல்ட்ஹைஸ்ங்கற வார்த்தையோட சுருக்கமாம், கடனைக் கட்டச் சொல்றவர்னு அர்த்தம், நம்ம மணியக்காரர் வேலையே தான். எனக்கு சிலிர்த்துப் போச்சுங்க. சர்நேமைக் கேட்டாலே அவங்க பாட்டன் பூட்டன் என்ன வேலை பாத்தாங்கன்னு சொல்லிடலாம். இத யாராச்சும் மறுக்க முடியுமா?

சேலம்_வசந்தி:
மறுக்கறேன் இளங்கோ. பாட்டன் பூட்டன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. நமக்கெல்லாம் தெரிஞ்ச மாக்ஸ் முல்லரையே எடுத்துக்கோங்க, அவரோட அப்பா வில்ஹெல்ம் முல்லர் 1794ல டெஸ்ஸாவ் ஊர்ல பிறந்த கவிஞர், அந்தக் கவிஞரோட அப்பா தையல்காரர். பேரு அரவைக்காரன், கையில கத்தரிக்கோல்.

இன்னொண்ணும் சொல்றேன். மகாகவி கோத்தே இருக்காரே, அவரோட அப்பாவைப் பெத்த தாத்தாவும் தையல்காரர்தான், ஃப்ராங்ஃபர்ட்டுக்கு வந்து தொழில் பண்ணி அப்புறம் சத்திரம் நடத்தினவர், அவர் சர்நேமும் ஷ்னைடர் இல்ல. அம்மா வழித் தாத்தா பேரு டெக்ஸ்டர், அது நெசவாளிங்கற லத்தீன் வார்த்தை, முன்னோர் ஒருத்தர் வேபர்ங்கற பேரை லத்தீனுக்கு மாத்திக்கிட்டார். ஆனா அந்தத் தாத்தா பாத்த வேலை என்ன தெரியுமா, ஃப்ராங்ஃபர்ட் நகரத்தோட ஷூல்ட்ஹைஸ்! அதாவது நெசவாளின்னு பேர் வச்சவர் மணியக்காரர் நாற்காலியில உக்காந்திருக்கார். ஒரே குடும்பத்துல ரெண்டு பக்கமும் பேரும் தொழிலும் ஒட்டவே இல்ல, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

கோட்டூர்_இளங்கோ:
வசந்தி அக்கா, நீங்க காட்டறது எல்லாம் 18ம் நூற்றாண்டு ஆளுங்க. பாட்டன் பூட்டன்னு நான் சொன்னது தப்புதான், அதை வாபஸ் வாங்கிக்கறேன், ஆனா விஷயம் அது இல்ல. பேர் ஒட்டின காலத்தைப் பாக்கணும். 12ம் நூற்றாண்டு வரைக்கும் சாதாரண ஜனங்களுக்கு ஒரே பேருதான், அப்புறம் கோல்ன் (கொலோன்) மாதிரி ஊருங்க பெருசாகி ஒரே தெருவுல பத்து ஹைன்ரிஷ் பத்து கொன்ராட்னு ஆனதும் வரி எழுதற கிளர்க் எந்த ஹைன்ரிஷ்னு எப்படி எழுதுவார்? 'ஹைன்ரிஷ் டெர் ஷ்மிட்'னு, கொல்லன் ஹைன்ரிஷ்னு எழுதினார், லத்தீன்ல எழுதறவரா இருந்தா 'ஃபாபர்'னு எழுதினார். கொஞ்சம் கொஞ்சமா நடுவுல இருந்த 'டெர்' உதிர்ந்து, அப்பனுக்கு ஒட்டினது மகனுக்கும் ஒட்டி, மகன் பட்டறைக்கே போகலன்னாலும் ஷ்மிட் ஆயிட்டான். முதல் ஷ்மிட் கொல்லன்தானே? அதை யாரும் அசைக்க முடியாது.

பழைய_ரெக்கார்ட்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கு இந்த சப்ஜெக்ட்ல பத்து வருஷமா பைத்தியம். இளங்கோ சொல்றதுக்கு ஒரு கனமான ஆதாரம் இருக்கு, அதை அவரே சொல்லல. ஃப்ரைபுர்க், மைன்ஸ் ரெண்டு யூனிவர்சிட்டியும் சேந்து ஜெர்மன் சர்நேம்களுக்கு ஒரு அட்லஸ் போட்டிருக்காங்க, கொன்ராட் குன்ஸ, டாமாரிஸ் ந்யூப்லிங்னு ரெண்டு பேராசிரியர்கள் முன்னால நின்னு நடத்தினது. 2005ம் வருஷத்து லேண்ட்லைன் கனெக்ஷன் விவரத்தை வச்சு எந்தப் பேர் எந்த ஊர்ல எத்தனைன்னு மேப் மேல புள்ளி புள்ளியா வச்சாங்க.

அதுல குயவர் மேப்பை ஒரு தடவை பாருங்க. தெற்க ஹாஃப்னர், நடுவுலயும் கிழக்கயும் டோப்ஃபர், வடமேற்க பொட்டர், ஹெஸ்ஸன் ரைன் பக்கம் ஆய்லர். கடைசி பேரு பானைக்கு லத்தீன்ல இருக்கற 'ஓல்லா'ங்கற வார்த்தையில இருந்து வந்தது, ரோமானியர்கள் கிட்ட இருந்து அந்தப் பக்கத்துக்காரங்க எடுத்து வச்சிக்கிட்டது. பீப்பாய் செய்யறவருக்கு இன்னும் அதிகம், ஃப்ராங்கன்ல ப்யூட்னர், பவேரியாவுல ஷெஃப்லர், தென்மேற்க க்யூஃபர், ரைன்ல ஃபாஸ்பிண்டர், வடக்கயும் கிழக்கயும் பொட்ஷர். வண்டி ஆசாரி தெற்க வாக்னர்னா வடமேற்க ராடெமாஹர், அதாவது சக்கரம் பண்றவர். கறி வெட்டறவர் தெற்க மெட்ஸ்கர், கிழக்க ஃப்ளைஷர். அந்தந்த ஊர்ல அந்தத் தொழிலை வாயால எப்படிச் சொன்னாங்களோ அதே எல்லையில சர்நேமும் நிக்குது, அறுநூறு எழுநூறு வருஷம் கழிச்சு டெலிபோன் லிஸ்ட்டுல! எங்கயோ பெருமைக்கு வச்ச பேரா இருந்தா இப்படி ஊர்ப்பேச்சோட எல்லையில வந்து நிக்குமா? தெருவுல கூப்பிட்ட பேருதான் இது, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

சேலம்_வசந்தி:
ரெக்கார்ட் சார், மேப் அருமை, ஒத்துக்கறேன். ஆனா அந்த மேப் எதை நிரூபிக்குது? பேச்சுவழக்கை. ஒரு தனி குடும்பத்தோட தொழிலை இல்ல. உங்க மேப்பை வச்சே கேக்கறேன், க்ரூகர்னு ஒருத்தர் வர்றார், அவர் முன்னோர் யாரு? வடகிழக்கன்னா 'க்ரூக்'னா கிராமத்து சாராயக்கடை, அப்ப கடை நடத்தினவர். தெற்கன்னா அதே வார்த்தைக்கு கூஜான்னு அர்த்தம், அப்ப மண்கூஜா பண்ணி வித்தவர். ஷ்ரோடர்னு ஒரு சான்சலரே இருந்தார், அந்தப் பேர் வடக்க தையல்காரர், துணியை வெட்டறவர்னு, ரைன் பக்கம் கிட்டத்தட்ட அதே பேர் வைன் பீப்பாய் உருட்டி இறக்கறவர். லேமன்னு கேட்டா எல்லாரும் 'லேம்'னா களிமண், அப்ப மண் வேலைன்னு சொல்லிடறாங்க, கிடையவே கிடையாது, பிரபு கிட்ட நிலம் மானியமா வாங்கினவர் அவர். மேயர் லத்தீன் 'மாயோர்'ல இருந்து வந்த காரியஸ்தர், சரி, ஆனா யூதக் குடும்பத்து மேயருக்கு எபிரேய 'மெயிர்'ங்கற ஆள் பேருதான் மூலம், அங்க பண்ணையும் இல்ல காரியஸ்தரும் இல்ல. கோனிக், கைசர்னு பேர் வச்சிருக்கறவங்க எல்லாம் ராஜா சக்கரவர்த்தி வம்சமா? ராஜாவோட பண்ணையில வேலை செஞ்சவர், நாடகத்துல ராஜா வேஷம் கட்டினவர், மிதப்பா நடந்தவர், இப்படி ஊர் வச்ச பேருங்க.

இதுக்கெல்லாம் மேல ஜெர்மனியோட வடமேற்குல வெஸ்ட்ஃபாலியான்னு ஒரு பகுதி இருக்கு. அங்க பேரு ரத்தத்தோட போகாது, நிலத்தோட போகும். ஷூல்ட பண்ணைக்கு மாப்பிள்ளையா போன ஆம்பளை தன் சொந்தப் பேரை விட்டுட்டு ஷூல்ட ஆயிடுவார், பிறக்கற புள்ளைங்களுக்கும் அதே பேரு, ரெக்கார்டுல 'கெனான்ட்', அதாவது 'என்று அழைக்கப்படும்'னு ஒரு வார்த்தை போட்டு ரெண்டு பேரையும் எழுதி வச்சாங்க. 19ம் நூற்றாண்டு வரைக்கும் இது நடந்திருக்கு. அப்ப அந்தப் பேர் யாரோட முன்னோரைச் சொல்லுது? பண்ணை வீட்டோட முன்னோரை!

முத்து_ஹாம்பர்க்:
நான் வேற ஒரு சந்தேகத்தோட வரேன். அந்தக் காலத்துல நூத்துக்கு முக்காவாசி பேர் விவசாயிங்க. விவசாயியை ஜெர்மன்ல 'பவர்' (Bauer)னு சொல்வாங்க. ஆனா பவர்ங்கற சர்நேம் முதல் பத்துலயே இல்லயே? எல்லா ஊர்லயும் ஒரே ஒரு அரவைக்காரர் இருந்திருப்பார், அவர் பேர் எப்படி முதல் இடத்துக்கு வந்துச்சு? தொழில் தான் சர்நேம்னா எண்ணிக்கை தலைகீழா இல்ல இருக்கணும்?

பழைய_ரெக்கார்ட்:
முத்து, இந்தக் கேள்வியிலதான் மொத்த விஷயமும் இருக்கு. ஊரே உழுதுன்னா 'உழவன் கொன்ராட்'னு கூப்பிட்டு என்ன பிரயோஜனம், யாரைச் சொல்றீங்கன்னு யாருக்கும் புரியாது. ஊருக்கு ஒரே அரவைக்காரர்ங்கறதாலதான் முல்லர் அடையாளமாச்சு. ஆயிரக்கணக்கான ஊர், ஊருக்கு ஒரு மில்லு, ஊருக்கு ஒரு கொல்லுப்பட்டறை, எல்லாத்தையும் கூட்டினா இன்னிக்கு முல்லர் முதல் இடம், ஷ்மிட் ரெண்டாவது. அதுவும் பல ஊர்ல பிரபுவோட மில்லுலதான் அரைக்கணும்னு கட்டாயம், வேற எங்கயும் கொண்டு போக முடியாது, அப்ப ஊர்ல ஒருத்தர் விடாம அந்த ஆளோட வாசல்ல மூட்டையோட நின்னே ஆகணும். மாவு எடையில கை வைக்கறார்ங்கற சந்தேகமும் கூடவே. சில ஊர்ல கைத்தொழில்காரங்களோட சங்கங்கள் (கில்டு) அரவைக்காரர் மகனை சேத்துக்கவே மாட்டோம்னு சொல்லியிருக்காங்க, துணி நெய்யறவங்களுக்கும் இதே கதி. 1731ல வந்த சாம்ராஜ்ய சட்டம் வரைக்கும் இந்த ஒதுக்கல் ஓடுச்சு. அப்படிப்பட்ட பேரை யாரும் தானா தேடிப் போய் வச்சிருக்க மாட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரன் வச்சதுதான்.

விவசாயிங்க எங்க போனாங்கன்னு கேட்டீங்கல்ல, ஒளிஞ்சிருக்காங்க. ஹூபர்னா ஒரு முழுப் பங்கு நிலம் வச்சிருந்தவர், பவேரியாவுல எங்க திரும்பினாலும் ஹூபர்தான், கிழக்க போனா அவரே ஹ்யூப்னர். லேனர், லேமன் மானிய நிலம். மேயர் பெரிய பண்ணை. கொட்டர் குடிசையும் காணி நிலமும் மட்டும் உள்ளவர். நோய்பவர், நோய்மன் புதுசா வந்து குடியேறினவர். ஊருக்குள்ள உழவனையும் உழவனையும் பிரிச்சுக் காட்டினது எவ்வளவு நிலம், எந்த உரிமையில வச்சிருக்கான்ங்கறதுதான். அதனால உங்க டீச்சர் லிஸ்ட்டுல இருக்கற மேயரும் ஹாஃப்மனும் நிலத்து ஆளுங்கதான் இளங்கோ.

முத்து_ஹாம்பர்க்:
இப்ப புரியுது சார். எங்க பக்கம் ஏன் ஹான்சன், பீட்டர்சன், யான்சன்னு அப்பா பேரா இருக்குன்னு யோசிப்பேன். ஈஸ்ட் ஃப்ரீஸ்லாண்ட்ல 1811ல நெப்போலியன் ஆணை போட்டப்புறம்தான் நிரந்தர சர்நேமே வந்துச்சுன்னு ஒரு பெரியவர் சொன்னார், அதுக்கு முன்னால தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கிட்டே இருக்குமாம், ஹின்ரிஷ் மகன் ஹின்ரிஷ்ஸ்னு. கோல்ன்ல பேர் ஒட்டி நானூறு ஐநூறு வருஷம் ஆனப்புறமும் இங்க ஒட்டல! அப்ப ஜெர்மன் சர்நேம்னு மொத்தமா ஒரு முடிவு சொல்றதே தப்பு இல்லையா?

கோட்டூர்_இளங்கோ:
சரி நான் கொஞ்சம் பின்வாங்கறேன், ஆனா முழுசா இல்ல. வசந்தி அக்கா சொன்ன கோத்தே உதாரணத்தை நான் வேற மாதிரி பாக்கறேன். பேரும் தொழிலும் பிரிஞ்சதுதான் சர்நேம் கெட்டிப்பட்டதுக்கு அடையாளமே. பழைய வரிப் புத்தகத்துல ஷ்மிட்னு பேர் எழுதி பக்கத்துலயே ரொட்டி சுடறவர்னு தொழில் எழுதியிருந்தா, அந்த ஊர்ல அந்தக் காலத்துல பேர் குடும்பச் சொத்தாயிடுச்சுன்னு ஆராய்ச்சி பண்றவங்க முடிவு பண்றாங்க. அதுக்கு முந்தின பக்கங்கள்ல ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். அதனால பொருந்தலைங்கற உதாரணம் எத்தனை கொடுத்தாலும் அது என் கட்சிக்கு எதிர் இல்ல.

சேலம்_வசந்தி:
அது நியாயமான வாதம், இந்த த்ரெட்ல நீங்க சொன்னதிலேயே பலமானது. ஆனா நீங்க முதல்ல சொன்னது 'கேட்டாலே சொல்லிடலாம்'னு. அந்த முதல் பக்கம் கையில இல்லாம எப்படி சொல்வீங்க? லத்தீன் பேருங்க வேற வந்து குட்டையைக் குழப்புது. 16ம் நூற்றாண்டுல படிச்சவங்க எல்லாம் பேரை மாத்திக்கிட்டாங்க, பவர் அக்ரிகோலா ஆனார், ஷ்னைடர் சார்ட்டோரியுஸ் ஆனார், முல்லர் மோலிட்டர் ஆனார், இசைக்கலைஞர் ப்ரேட்டோரியுஸ் குடும்பப் பேர் ஷூல்ட்ஹைஸ். சுரங்கத்தைப் பத்தி 1556ல வெளிவந்த பெரிய புத்தகத்தை எழுதின அக்ரிகோலா பேரு பவர், அவர் டாக்டர், எழுதினது உலோகத்தைப் பத்தி. பேர்ல இருந்து ஆளை எந்தப் பக்கமும் பிடிக்க முடியல பாருங்க.

திருச்சபை_ஜோசப்:
நான் ரொம்ப நேரமா படிச்சிக்கிட்டு மட்டும் இருந்தேன், இந்த லத்தீன் பேச்சு வந்ததும் எழுதாம இருக்க முடியல. எங்க லுத்தரன் சபையில பப்ரிசியஸ் ஐயர் மொழிபெயர்த்த வேதாகமம்னா தாத்தா காலத்துல அவ்வளவு மரியாதை. 1740ல தரங்கம்பாடிக்கு வந்து, மெட்ராஸ்ல ஊழியம் செஞ்சு, 1779ல தமிழ் அகராதி போட்டு, 1791ல இங்கயே இறந்தவர். அந்த ஃபப்ரீசியுஸ்ங்கற பேரு கொல்லனைக் குறிக்கிற ஷ்மிட்டோட லத்தீன் வடிவம்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். அவருக்கு முன்னால இருந்த மிஷனரி பெஞ்சமின் ஷூல்ட்ஸ, அதுவும் உங்க லிஸ்ட்டுல இருக்கற மணியக்காரர் பேரு. எத்தனை வருஷம் அந்தப் பேருங்களை வாயால சொல்லியிருப்போம், அர்த்தம் இருக்கும்னே தோணல.

பழைய_ரெக்கார்ட்:
ஜோசப் ஐயா, மனசு நெறஞ்சுது.

வசந்திம்மா, உங்களுக்கு கடைசியா ஒரு பேரை வைக்கறேன், இதையும் மறுக்கறீங்களான்னு பாக்கலாம். ஸைட்லர். நூரம்பர்க் பக்கத்து ராஜாங்கக் காட்டுல உயிரோட நிக்கற மரத்தைக் குடைஞ்சு தேனீ வளத்து தேன் எடுத்தவங்க. 1350ல ராஜா நாலாம் கார்ல் அவங்களுக்கு தனி உரிமைப் பத்திரமே கொடுத்திருக்கார், தனி கோர்ட்டு இருந்துச்சு, வில் வச்சிருக்கற உரிமை இருந்துச்சு, நூரம்பர்க் லேப்குஹன் கேக்குக்கு அந்தக் காட்டுத் தேன்தான் போச்சு. சர்க்கரை வந்துச்சு, காடு சுருங்குச்சு, தொழில் செத்துப் போச்சு. பேர் மட்டும் டெலிபோன் லிஸ்ட்டுல இருக்கு. வில் பண்ண போக்னர், இரும்புக் கவசம் அடிச்ச ப்ளாட்னர், அதே கதைதான். இந்தப் பேருங்க இல்லன்னா அப்படி ஒரு வேலை இருந்துச்சுன்னு சாதாரண ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?

சேலம்_வசந்தி:
ஸைட்லருக்கு ஒத்துக்கறேன் சார். அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இல்ல, இப்படி ஒரு சின்ன தொழிலோட பேரைச் சும்மா யாரும் வச்சிருக்க மாட்டாங்க. முல்லருக்கு ஒத்துக்க மாட்டேன். 2005 கணக்குல ரெண்டரை லட்சத்துக்கும் மேல லேண்ட்லைன் அந்தப் பேர்ல இருக்கு, அதுல ஒவ்வொருத்தருக்கும் சர்ச் ரெஜிஸ்டர் எடுத்து வைங்க, அப்புறம் பேசலாம்.

கோட்டூர்_இளங்கோ:
அக்கா, எங்க கிளாஸ் டீச்சர் பேரே முல்லர்தான். அவங்ககிட்ட கேட்டுட்டு வரேன், குடும்ப ரெஜிஸ்டர் எந்த வருஷம் வரைக்கும் போகுதுன்னு.